கனத்த புத்தகம் முடித்த கையோடு எதைப் படிப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மாதம் ஒரு ஞாயிறு சாயங்காலம் பத்துப் பதினைந்து பேர் கூடிப் புத்தகம் பேசுகிறோம். முதல் வருஷம் எடுத்ததெல்லாம் கனமான புத்தகங்கள்: புதுமைப்பித்தனின் துன்பக்கேணி, பூமணியின் வெக்கை, இமையத்தின் கோவேறு கழுதைகள், ஜெயமோகனின் ஏழாம் உலகம். பேச்சு நன்றாகத்தான் நடந்தது. ஆனால் ஏழாவது மாதம் ஆறே பேர் வந்தார்கள். வராதவர்களுக்குப் போன் போட்டேன். ஆளாளுக்கு வேறு வார்த்தையில் ஒன்றையே சொன்னார்கள்: "புத்தகம் நல்லாத்தான் இருக்கு டீச்சர், தாங்கத்தான் முடியல."

அதிலிருந்து ஒரு கனமான புத்தகம் எடுத்தால் கூடவே ஒரு லேசான புத்தகமும் எடுப்பது என்று வைத்துக்கொண்டோம். அப்போது தொடங்கிய கேள்விகள் இன்னும் ஓயவில்லை. மாடிப்படியில், பஸ் ஸ்டாண்டில், நேதாஜி மார்க்கெட்டில் காய் வாங்கும்போதுகூடக் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அகல் விளக்கு முடிச்சு ரெண்டு நாளா ஒரு மாதிரியா இருக்கு டீச்சர். உடனே என்ன படிக்கட்டும்?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். அகல் விளக்கு எழுதிய மு.வ. (மு. வரதராசன்) நம் மண்ணுக்காரர், வாலாஜாவுக்குப் பக்கத்தில் இருக்கும் வேலம் அவருடைய ஊர். 1961-இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்ற இந்த நாவலும் வாலாஜாவில்தான் தொடங்குகிறது. தெருவும் பள்ளிக்கூடமும் நமக்குத் தெரிந்தவையாக இருப்பதால் சந்திரன் பாழாய்ப் போவது பக்கத்து வீட்டுப் பையன் பாழாய்ப் போவது போலவே வலிக்கும். இரண்டு நாள் ஒரு மாதிரி இருந்தால் நீங்கள் ஒழுங்காகப் படித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

அந்த இரண்டு நாள் எதையும் படிக்க வேண்டாம். அப்புறம் தேவன் எழுதிய துப்பறியும் சாம்புவை எடுங்கள். சாம்பு ஒரு பேங்க் குமாஸ்தா. ஊரே மண்டு என்று நினைக்கும் ஆள். உளறிக்கொட்டி, தடுக்கி விழுந்து, அதிர்ஷ்டத்தால் ஒவ்வொரு வழக்கையும் கண்டுபிடித்துவிடுவார். ஒவ்வொரு கதையும் தனித்தனி. ஒரு ராத்திரிக்கு ஒரு கதை போதும். நாவலாக எடுத்தால் மறுபடியும் ஒரு முழு வாழ்க்கைக்குள் நுழைய வேண்டியிருக்கும், அதற்கு அப்போது மனசு இடம் தராது.

லேசான புத்தகம்னா ஜோக் புத்தகமா?

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். கோவேறு கழுதைகள் படித்து முடித்தவர்களுக்கு ஒரு துணுக்குத் தொகுப்பைக் கொடுத்தேன். ஒருவரும் நாலு பக்கம் தாண்டவில்லை. மனசு கனத்திருக்கும்போது ஜோக் எரிச்சலைத்தான் மூட்டுகிறது.

அப்புறம் எது வேலை செய்தது என்று கவனித்துப் பார்த்தேன். ஆள் நடமாட்டம் உள்ள புத்தகங்கள்தான். கனமான நாவல்களில் பெரும்பாலும் ஒரு மனிதர் கொஞ்சம் கொஞ்சமாகத் தனியாகிப் போவார். அதைப் படித்து முடிக்கும்போது நாமும் அவரோடு தனியாக நிற்கிறோம். அங்கிருந்து மீட்டுக்கொண்டு வர ஒரு கல்யாண வீடு வேண்டும். அடுப்படியில் சண்டை, திண்ணையில் வம்பு, குறுக்கே ஓடும் பிள்ளைகள், யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிடும் சத்தம். சிரிப்பு வந்தால் வரட்டும், வராவிட்டாலும் பரவாயில்லை. இப்போது யாருக்கு எதைக் கொடுப்பதென்றாலும் நான் முதலில் பார்ப்பது, அந்தப் புத்தகத்தில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்பதைத்தான்.

சரி, ஒரே ஒரு புத்தகம்தான் சொல்லணும்னா எது?

வைக்கம் முகம்மது பஷீரின் பாத்துமாவின் ஆடு. மலையாளத்திலிருந்து தமிழுக்கு வந்தது, நூறு பக்கத்தை ஒட்டிய சின்னப் புத்தகம். பல வருஷம் ஊர் ஊராக அலைந்த எழுத்தாளர் ஓய்வெடுக்கலாம் என்று வீட்டுக்குத் திரும்புகிறார். அங்கே உம்மா, தம்பிகள், தங்கைகள், அவர்களுடைய பிள்ளைகள், கோழிகள், பூனைகள். போதாததற்கு, காலையானால் தங்கை பாத்துமாவின் ஆடும் வந்துவிடும். எல்லோருக்கும் அவரிடமிருந்து காசு வேண்டும். பாத்துமாவுக்குத் தெரியாமல் அவளுடைய ஆட்டைப் பிடித்து வீட்டார் பால் கறந்துகொள்வார்கள்.

அந்த ஆடு ஒரு நாள் அவர் எழுதிய புத்தகங்களையே தின்கிறது. பால்யகால சகி என்பது அவருடைய சோகமான காதல் கதை. அதை ஆடு பக்கம் பக்கமாக மென்று விழுங்குவதை அவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். அடுத்த புத்தகமும் போகிறது. ஆடு போர்வையில் வாய் வைத்த பிறகுதான் தடுக்க ஓடுகிறார். எங்கள் மாடியில் இந்தப் பகுதியைச் சத்தமாக வாசித்தபோது, நாலு மாதமாக வாயே திறக்காத ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சோகத்தை எழுதியவரே அதை ஆட்டுக்குத் தின்னக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் நம் மனசிலும் ஏதோ இறங்குகிறது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். மனநிலை பாதிக்கப்பட்டுச் சிகிச்சையில் இருந்த 1954-இல் இதை எழுதியதாக பஷீரே முன்னுரையில் சொல்கிறார். 1959-இல் புத்தகமாக வந்தது. இருட்டு தெரியாதவர் எழுதிய லேசான புத்தகம் இல்லை இது, அதனால்தான் இதை முதலில் வைக்கிறேன்.

நம்ம பக்கத்து எழுத்தாளருங்க எல்லாம் அழ வெக்கிறவங்களாவே இருக்காங்களே. சிரிக்க வெச்சவங்க யாருமே இல்லையா?

இருக்கிறார்கள், நாம்தான் மறந்துவிட்டோம். பழைய வட ஆற்காடு என்பது 1989-இல் பிரிப்பதற்கு முன்னால் திருவண்ணாமலை, வந்தவாசி எல்லாம் சேர்ந்த பெரிய மாவட்டம். அந்த நிலத்திலிருந்து குறைந்தது இரண்டு பேர் தமிழ்நாட்டையே சிரிக்க வைத்திருக்கிறார்கள்.

ஒருவர் எஸ்.வி.வி. (1880–1950). திருவண்ணாமலையில் வக்கீல். முதலில் ஆங்கிலத்தில் எழுதிப் பெயர் வாங்கி, பிறகு ஆனந்த விகடனில் தமிழில் எழுத வந்தார். உல்லாஸ வேளை தொகுப்பிலிருந்து தொடங்கலாம். அவர் எடுத்துக்கொள்வது எல்லாம் புருஷன் பெண்டாட்டிக்குள் நடக்கும் சின்னச் சின்னப் பேச்சுதான். ஒரு சாமான் வாங்கலாமா வேண்டாமா என்ற பேச்சு எப்படி எங்கெங்கோ சுற்றி, கடைசியில் வாங்கியே தீர வேண்டிய இடத்தில் வந்து நிற்கிறது என்பதை அவரைப்போல் எழுதியவர் குறைவு.

இன்னொருவர் சாவி (1916–2001). ஆற்காட்டுப் பக்கம் மாம்பாக்கத்தில் பிறந்தவர். வாஷிங்டனில் திருமணம் அவர் எழுதியது. ராக்ஃபெல்லர் குடும்பத்துச் சீமாட்டி நம்மூர்க் கல்யாணம் ஒன்றை அமெரிக்காவிலேயே நடத்திப் பார்க்க ஆசைப்படுகிறாள். சாஸ்திரிகள், சமையல்காரர்கள், அப்பளம் இடும் பாட்டிகள் என்று ஒரு கூட்டமே விமானம் ஏறுகிறது. அப்பளத்தை எங்கே உலர்த்துவது என்பது வாஷிங்டன் நகரத்தின் பிரச்சினை ஆகிவிடும். கல்யாணத்தில் சம்பந்தி சண்டையும் பார்த்தாக வேண்டும் என்று அந்த அம்மாள் ஆசைப்படுவாள். நான் சொன்ன கல்யாண வீடு இதில் நிஜமாகவே இருக்கிறது. வேண்டாத ஆள் ஒருவர்கூட இல்லாத கதை. ஒரே நாளில் முடித்துவிடலாம்.

வெக்கை, ஏழாம் உலகம் மாதிரி படிச்சுட்டு உடனே சிரிச்சா அந்த ஜனங்களுக்குத் துரோகம் பண்ற மாதிரி இருக்கு. நீங்க என்ன சொல்றீங்க?

இதைக் கேட்டவர் ஒரு கல்லூரி மாணவர். கேட்கும்போது அவர் குரல் கம்மியது. வெக்கையில் ஒரு பதினைந்து வயசுப் பையன் அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு, அப்பாவோடு காடு காடாக ஒளிந்து திரிகிறான். அதை மூடி வைத்துவிட்டு உடனே சிரிக்கக் கூச்சப்படுகிறவரின் மனசு நல்ல மனசு.

நம் ஊரில் சாவு வீட்டுக்குப் போய்வந்தால் வாசலிலேயே தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வருவோம். அப்புறம் சாப்பிடுவோம், பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவோம். போனவரை அவமதித்துவிட்டதாக யாரும் சொல்வதில்லை. பதினாறாம் நாள் மறுபடி போகத்தான் போகிறோம். லேசான புத்தகம் அந்தக் குளியல் மாதிரி. குளிக்காமலே இருந்தவர்களைத்தான் நான் இழந்தேன். அந்த ஏழாம் மாதத்தில் வராமல் போனவர்களில் இரண்டு பேர் இன்று வரைக்கும் எந்தப் புத்தகத்தையும் தொடவில்லை.

நடுவுல எத்தனை நாள் விடணும்?

கணக்கெல்லாம் கிடையாது. அந்தக் கதையைப் பற்றி இன்னொருவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிற வரை விடுங்கள். சொல்லி முடித்த அன்றைக்கே அடுத்ததை எடுக்கலாம்.

லேசான புத்தகமாவே படிச்சா ரசனை கெட்டுப் போயிடாதா?

தமிழில் முதல் நாவல் என்று நாம் சொல்கிற மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் (1879) முழுக்க வேடிக்கைக் கதைகள் நிறைந்தது. வீரமாமுனிவரின் பரமார்த்த குருவின் கதை 18ஆம் நூற்றாண்டு. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். ஆற்றைக் கடந்ததும் ஒவ்வொருவரும் தன்னை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணி, ஒரு ஆள் போய்விட்டான் என்று அழுவார்கள். தமிழ் உரைநடை நடை பழகியதே இப்படிச் சிரித்துத்தான்.

ஒரு சின்னப் பரீட்சை சொல்கிறேன். தேவனின் ஒரு பக்கத்தை எடுத்து, அதில் ஒரு வாக்கியத்தை இடம் மாற்றி வாசித்துப் பாருங்கள். சிரிப்பு போய்விடும். சொல்லை அவ்வளவு அளந்து வைத்திருப்பார். அழ வைக்கும் காட்சியில் நாலு சொல் கூடினாலும் வாசகர் பொறுத்துக்கொள்வார், சிரிக்க வைக்கும் காட்சியில் ஒரு சொல் கூடினாலே போச்சு. ரசனை இங்கேதான் கூர்மையாகும் என்பது என் அனுபவம்.

எனக்குப் பிடிச்ச எழுத்தாளரை விட்டுட்டு வேற ஆளுகிட்ட போக மனசு வரல. அவரே லேசா எழுதினது இருக்குமா?

பெரும்பாலும் இருக்கும். துன்பக்கேணி எழுதிய அதே புதுமைப்பித்தன்தான் கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும் எழுதினார். சென்னைக்கு வந்து இறங்கும் கடவுளைக் காபி கிளப்புக்குக் கூட்டிப் போகிற கந்தசாமிப் பிள்ளை, அவரைத் தன் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தாதாரராகவும் ஆக்கிவிடுகிறார். வீட்டுக்குள் வந்த கடவுளோடு அவருடைய குட்டிப் பெண் விளையாட ஆரம்பித்ததும் கதை அப்படியே கனிந்துவிடும்.

அசோகமித்திரன் படித்து மனசு அடங்கிப் போனவர்களுக்கு அவருடைய ஒற்றன்! இருக்கிறது. 1973-இல் அமெரிக்காவின் அயோவா நகரத்தில் பல நாட்டு எழுத்தாளர்களோடு ஒரே கட்டடத்தில் தங்கியிருந்த மாதங்களைப் பற்றியது. அவருடைய அமைதியான குரலே அதில் சிரிக்கிறது.

அட்டையைப் பார்த்து லேசா இருக்கும்னு எடுத்து நல்லா மாட்டிக்கிட்டேன். எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அட்டையை மட்டுமல்ல, ஆசிரியர் பெயரையும் முழுதாக நம்ப முடியாது. வாஷிங்டனில் திருமணம் படித்த சந்தோஷத்தில் ஒரு அம்மா அதே சாவியின் விசிறி வாழையை எடுத்துப் போனார். அது ஒரு கல்லூரி முதல்வரின் காலம் கடந்த காதலைப் பற்றிய நாவல், முடிவில் நெஞ்சை அடைக்கும். பஷீரிலும் பால்யகால சகி அப்படித்தான், ஆடு தின்றதே அந்தப் புத்தகம். குட்டி இளவரசன் படம் போட்ட சின்னப் புத்தகம் என்று நினைத்து எடுப்பார்கள். அழகான புத்தகம்தான், ஆனால் பாம்பு வரும் இடம் கனத்த மனசுக்கு ஆகாது.

நான் செய்வது இது: புத்தகத்தைச் சரிபாதியில் திறந்து இரண்டு பக்கம் படிப்பேன். அதில் மூன்று பேராவது பேசிக்கொண்டிருந்தால், யாராவது எதையாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால், எடுத்துவிடுவேன். அப்புறம் கடைசிப் பக்கத்தையும் பார்ப்பேன். கதை தெரிந்துவிடும் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். இந்த மாதிரிச் சமயத்துக்கு எடுக்கும் புத்தகத்தில் முடிவு தெரிந்திருப்பது ஒரு நிம்மதி.

அப்பாவோட ஆஸ்பத்திரியில பத்து நாளா இருக்கேன். ஏற்கெனவே மனசு சரியில்ல. இங்க உட்கார்ந்து என்ன படிக்க முடியும்?

வேலூர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. ஊர் ஊரிலிருந்து வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் டோக்கன் எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைத் தினம் பார்க்கிறோம். என் வீட்டுக்காரருக்காக நானும் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு பக்கம் படிப்பதற்குள் பெயரைக் கூப்பிடுவார்கள். திரும்பி வந்தால் விட்ட இடம் தெரியாது.

அதனால் எங்கே திறந்தாலும் படிக்கக்கூடியதாக வேண்டும். சாம்பு சரிப்படும். பாக்கியம் ராமசாமியின் அப்புசாமி – சீதாப்பாட்டி கதைகள் இன்னும் சரிப்படும். 1963-இல் குமுதத்தில் தொடங்கிய அந்தத் தாத்தா பாட்டி சண்டைக்கு முன்கதை எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். அப்பா கேட்கிற நிலையில் இருந்தால் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். நான் வாசித்தபோது பக்கத்துக் கட்டிலில் இருந்தவர், "அந்தப் பாட்டி அப்புறம் இன்னா சொல்லுச்சு?" என்று மறுநாள் காலையிலேயே கேட்டார்.

இந்தப் பழைய நகைச்சுவை எல்லாம் ஒரே மாதிரி வீட்டுக் கதையா இருக்கு. எங்க வீடு, எங்க தெரு அதுல எங்க?

நியாயமான கேள்வி. எஸ்.வி.வி., தேவன், சாவி எல்லோரும் அந்தக் காலப் பத்திரிகை உலகத்தில் எழுதியவர்கள். அவர்கள் காட்டுவது பெரும்பாலும் பிராமண, நடுத்தர வர்க்க வீடுகள். அதற்காக அவை நல்ல எழுத்து இல்லை என்று ஆகாது. ஆனால் சிரிப்பு அந்த வீடுகளில் மட்டும் இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது.

பாமாவின் கிசும்புக்காரன் தொகுப்பை எடுங்கள். வலி நிறைந்த தன் வாழ்க்கைக் கதையான கருக்கு எழுதிய அதே பாமா. ஒரு கதையில் அம்மாசி என்கிற பையன் ஊர்ப் பண்ணையாரை "அண்ணாச்சி" என்று கூப்பிட்டுவிடுகிறான். அந்த ஒரு வார்த்தையில் ஊரே ஆடிப்போகும். கூலி வேலை செய்கிறவர்களின் வாய்த்துடுக்கும் குசும்பும்தான் அந்தப் புத்தகம். ராஜ் கௌதமனின் சிலுவைராஜ் சரித்திரம் பெரிய நாவல், பட்ட அவமானத்தையெல்லாம் எள்ளலாகவே சொல்லிப் போகும். இந்தச் சிரிப்புக்கு அடியில் வலி இருக்கிறது. அதனால் கனமான புத்தகம் முடித்து ஒரு வாரம் கழித்து எடுங்கள், அன்றைக்கே வேண்டாம்.

கி. ராஜநாராயணனின் பிஞ்சுகள் எந்த நேரத்துக்கும் ஏற்றது. பறவை முட்டை சேகரிக்கிற ஒரு பையனின் உலகம். கரிசல் பேச்சு நம் பக்கத்துக் காதுக்கு முதல் பத்துப் பக்கம் கொஞ்சம் முரடாக இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

பிளஸ் டூ படிக்கிற என் பொண்ணு சோகக் கதையாவே தேடிப் படிக்கிறா. அவளுக்கு என்ன கொடுக்கலாம்?

அந்த வயசில் நானும் அப்படித்தான் இருந்தேன். "இதைப் படிக்காதே" என்று மட்டும் சொல்லாதீர்கள். பக்கத்தில் இன்னொன்றை வையுங்கள். டோட்டோ-சான் என் முதல் தேர்வு. ஜப்பானைச் சேர்ந்த தெத்சுகோ குரோயானகி தன் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதியது. ரயில் பெட்டிகள்தான் அங்கே வகுப்பறை. மதியச் சாப்பாட்டில் மலையிலிருந்து கொஞ்சமும் கடலிலிருந்து கொஞ்சமும் இருக்க வேண்டும் என்பார் தலைமை ஆசிரியர். கடைசியில் போரில் அந்தப் பள்ளி எரிந்துபோகும். அதை முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

அழுகை வராத புத்தகம்தான் வேண்டும் என்றால், ருஷ்ய மொழியிலிருந்து வந்த அப்பா சிறுவனாக இருந்தபோது. அம்மாவும் மகளுமாகச் சேர்ந்தே படிக்கலாம்.

இதெல்லாம் எங்க கிடைக்கும்? எல்லாத்தையும் காசு கொடுத்தா வாங்க முடியும்?

முதலில் மாவட்ட மைய நூலகம். கதைப் பகுதியில் நின்று தேடுங்கள், பழைய பைண்டிங் புத்தகங்களில்தான் எஸ்.வி.வி. கிடைப்பார். ராணிப்பேட்டை, ஆற்காடு, குடியாத்தம் பக்கம் இருப்பவர்கள் அவரவர் ஊர்க் கிளை நூலகத்தில் கேளுங்கள். அலமாரியில் இல்லையென்றாலும் நூலகரிடம் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு ஆனால் அவருடைய எழுத்து பொதுச் சொத்து. புதுமைப்பித்தன் 1948-இலும், எஸ்.வி.வி. 1950-இலும், தேவன் 1957-இலும் காலமானார்கள். அதனால் இவர்களுடைய எழுத்துகளை இணையத்தில் யார் வேண்டுமானாலும் முறையாகவே வெளியிடலாம். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் போன்ற இடங்களில் தேடிப் பாருங்கள். சாவி, கி.ரா., பாமா அப்படி இல்லை. அவர்களை நூலகத்தில் எடுங்கள், இல்லையென்றால் வாங்குங்கள். ஒருவர் வாங்கினால் எங்கள் மாடியில் அது ஏழெட்டுக் கை மாறுகிறது.

சாம்பு படிச்சேன், எனக்குச் சிரிப்பே வரலையே?

வராமல் போகலாம். எண்பது வருஷத்துக்கு முந்தைய எழுத்து, அந்தக் காலத்துப் பேச்சு, அந்தக் காலத்து உத்தியோகம். முதல் மூன்று கதைக்குள் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அ. முத்துலிங்கத்தின் உண்மை கலந்த நாட்குறிப்புகள் எடுத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் தொடங்கி ஆப்பிரிக்கா, கனடா என்று சுற்றும். தமிழ் இந்தக் காலத்துத் தமிழ். போர் பற்றிய ஈழ நாவல்கள் படித்துக் கலங்கிப் போனவர்களுக்கும் இதையே கொடுக்கிறேன். அதே மண்ணின் பேச்சில் ஒருவர் சிரித்துப் பேசுவதைக் கேட்பது ஆறுதலாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள்.

குற்றமும் தண்டனையும் பாதியில இருக்கேன். மூச்சு முட்டுது. நிறுத்திட்டு வேற படிக்கலாமா, இல்ல முடிச்சே ஆகணுமா?

நிறுத்தலாம். ஆனால் நிறுத்துகிற இடத்தைப் பார்த்து நிறுத்துங்கள். கதாநாயகன் ரஸ்கோல்னிகோவ் காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருக்கும் இடத்தில் விட்டுவிட்டுப் போனால் அவன் உங்கள் கூடவே வருவான். அவனுடைய நண்பன் ரஸுமிகின் வருகிற பகுதி வரை படித்துவிட்டு மூடுங்கள். அந்த நாவலில் நல்ல மனசோடு சத்தமாகப் பேசி, நண்பனுக்குச் சாப்பாடும் துணியும் வாங்கி வருகிற ஆள் அவன்தான்.

இரண்டையும் சேர்த்துப் படிப்பதும் ஒரு வழி. எங்கள் குழுவில் ஒருவர் தினம் காட்பாடியிலிருந்து சென்னைக்கு ரயிலில் வேலைக்குப் போகிறவர். காலையில் போகும்போது தஸ்தயேவ்ஸ்கியின் இதே நாவல், திரும்பி வரும்போது தேவன். ராத்திரி தூங்கும் முன் கனமானதைத் தொடுவதில்லை. அப்படியே மூன்று மாதத்தில் முடித்துவிட்டார்.

இதுக்கு எதுக்குப் புத்தகம்? கொஞ்ச நேரம் ரீல்ஸ் பார்த்தா போதாதா?

பாருங்கள், நானும் பார்க்கிறேன். ஆனால் அரை மணி நேரம் பார்த்த பிறகும் அகல் விளக்கின் சந்திரன் எங்கே விட்டீர்களோ அங்கேயே இருப்பான். புத்தகத்தில் நுழைந்த துயரத்தை இன்னொரு புத்தகத்தின் ஆட்கள் வந்துதான் நகர்த்துகிறார்கள். ஏன் என்று எனக்கு விளக்கத் தெரியாது, பலரிடம் பார்த்திருக்கிறேன்.

புத்தகம் முடிச்சு மூணு வாரம் ஆச்சு. தூக்கமில்ல, சாப்பாடு இறங்கல. லேசானதும் படிச்சுப் பார்த்தேன். ஒண்ணும் ஆகல.

இது புத்தகத்தால் வந்தது என்று மட்டும் நினைக்காதீர்கள். உள்ளே ஏற்கெனவே இருந்த ஒன்றைப் புத்தகம் தொட்டிருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம், கட்டணம் கிடையாது. பஷீர்கூடச் சிகிச்சையில் இருந்துகொண்டேதான் அந்த ஆட்டின் கதையை எழுதினார். கூச்சப்பட இதில் எதுவுமில்லை. எங்கள் வீட்டுக்கு வாருங்கள், கூட வருகிறேன்.

இப்ப லேசானதுலயே தங்கிட்டேன் டீச்சர். திரும்பவும் கனமானதை எடுக்கக் கை வரல.

அவசரமில்லை. நடுவில் நிற்கிற ஒரு புத்தகத்தின் வழியாகப் போங்கள். தேவனின் மிஸ்டர் வேதாந்தம் அப்படிப்பட்டது. வேடிக்கை உண்டு, ஆனால் சொத்தும் ஆதரவும் போன ஒரு இளைஞன் பிழைக்க வழி தேடும் கதையும்கூட. கு. அழகிரிசாமியின் ராஜா வந்திருக்கிறார் சிறுகதையும் அப்படியே. தீபாவளிக்குப் புதுத்துணி பற்றிப் பேசிக்கொள்ளும் பிள்ளைகள், கந்தல் கட்டிய ஒரு அநாதைப் பையன், அவனையும் தன் பிள்ளைகளோடு சேர்த்துக்கொள்ளும் ஓர் ஏழைத் தாய். வறுமை அங்கேயே இருக்கிறது, வீடும் நிறைந்திருக்கிறது. இதைத் தாங்க முடிந்தால் அடுத்ததையும் தாங்கலாம்.

அடுத்த மாசம் என்ன ஜோடி?

பேரணாம்பட்டுக்காரரான அழகிய பெரியவனின் தகப்பன் கொடி. நிலம் கையைவிட்டுப் போன ஒரு குடும்பத்தின் கதை. நம் பாலாற்றங்கரைப் பேச்சு, நம் ஜனம். அதனால் அகல் விளக்கைப் போலவே வலிக்கும். முதல் ஒரு மணி நேரம் அதைப் பேசுவோம். டீ குடித்துவிட்டு வாஷிங்டனில் திருமணத்திலிருந்து அப்பளப் பகுதியை மாறி மாறி வாசிப்போம். வழக்கம்போல ஐந்தரைக்கு. தரைச் சூடு இறங்க ஆறு மணி ஆகிறது, ஆளுக்கு ஒரு பாய் கொண்டுவந்துவிடுங்கள்.